வேதா இருந்த இடம்

வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போடுவது எனக்குப் பிடித்த வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் டிவியில் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கூடத்து மேஜையில் உட்கார்ந்துகொள்வேன். என் மகன் பிரணவுக்குக் காலையில் ஒரு கைப்பிடி, ராத்திரி ஒரு கைப்பிடி. அவனுக்குப் பொறுமை கிடையாது. மருமகள் நித்யஸ்ரீக்கு ஆபீஸ் வேலை வீட்டுக்கும் கூடவே வரும். ரிட்டயரானவன் நான் ஒருவன்தான் என்பதால் அதை நான் ஏற்றுக்கொண்டேன். நீங்கள் எடுத்துப்போன டப்பாவைத் திறந்து பாருங்கள். கடைசி வாரத்து மாத்திரைகள் எல்லாம் சரியாகவே இருக்கும்.

பிரணவுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. எனக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததால் என்னுடையது வேண்டாம் என்றார்கள். என் மனைவி வேதா கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்த பிறகு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே சுற்றுவாள். "நீ குடிக்கலேன்னா எனக்குன்னா தாகமா இருக்கு" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே குடிப்பான்.

அடுத்த வருஷம் குரோம்பேட்டை மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்பு. கிட்னி கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தேவானந்தம் சொன்னார். நான் அதை நம்பினேன்.

மயானத்திலிருந்து வந்து குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தேன். பிரணவ் பாத்ரூமுக்குள் போனான். சிறுநீர் விழும் சத்தம் கேட்டது. என்னை அதுவரை யாராலும் தேற்ற முடியவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. வேதா வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

மாற்றுக் கிட்னியை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில் வலப்பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். கையை வைத்தால் தெரியும். அதற்குப் பிறகு தினமும் "வயிறு எப்படிடா இருக்கு?" என்று கேட்டபடி அங்கே கையை வைப்பேன். அப்பா கவலைப்படுகிறார் என்று அவனும் பேசாமல் படுத்திருப்பான்.

பிறகு அவனுக்குப் புனேயில் பெரிய வேலை கிடைத்தது.

"முதல்ல நாங்க போய் செட்டில் ஆறோம்பா. உங்களை அப்பறம் பாக்கலாம்" என்றான். நான் முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் இருந்தவன். அப்புறம் பார்க்கலாம் என்று எழுதிய ஃபைல்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சந்தோஷம் என்று சொன்னேன்.

கிளம்ப இருந்த வாரம் அவனுக்குக் குளிர் ஜுரம் வந்தது. சிறுநீரில் கிருமி. கிட்னி மாற்றியவர்களுக்கு இது சகஜம். உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். இந்த ஜுரத்தில் என் கை இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மறுபடி வராமலிருக்க டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். அந்த மாத்திரையைத்தான் நான் மாற்றினேன். அதே அளவில் ஒரு கால்சியம் மாத்திரை வீட்டில் இருந்தது. கிட்னியைக் காக்கும் மற்ற மாத்திரைகளை ஒருநாளும் தொட்டதில்லை. அதில் எனக்கும் பயம் உண்டு.

கிருமி திரும்ப வந்தது. புனே மறுபடி தள்ளிப்போனது. அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். பொறுப்பான தகப்பன் என்று நர்சுகள் சொன்னார்கள். மூன்றாவது முறையும் அப்படியே நடந்தது.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நித்யஸ்ரீ சமையலறையில் என்னிடம் பேசினாள்.

"இந்த ஆத்துல ஏதோ சரியில்லப்பா. தண்ணியா, பாத்ரூமான்னு தெரியல. இன்னொரு வாட்டி இன்ஃபெக்‌ஷன்னு வந்தா இவரை ஸ்ரீரங்கத்துக்கு எங்கம்மாகிட்டக் கூட்டிண்டு போயிடறேன். டாக்டரும் இடத்தை மாத்திப் பாருங்கோன்னுட்டார்."

"அதுவும் சரிதாம்மா" என்றேன்.

அவனை இங்கே வைத்திருந்த கிருமியே இனி அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை கால்சியத்தை எடுத்துவிட்டு உண்மையான மாத்திரையைப் போட்டேன். ஆனால் இரண்டு மூன்று நாளில் அவன் முகம் வாடிவிட்டது. வழக்கமான பரிசோதனைக்கு யூரின் கொடுக்க வேண்டிய வாரமும் அதுதான். நித்யஸ்ரீ ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு பிரணவ் யூரின் டப்பாவை என்னிடம் நீட்டினான்.

"லேப்ல குடுத்துடறேளாப்பா? ஒரே அசதியா இருக்கு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. கீழ் பாத்ரூமில் அதைக் கொட்டினேன். மருந்துக் கடையில் புது டப்பா வாங்கி வந்து என்னுடையதைப் பிடித்தேன். என் வயதுக்கு அது தெளிவாகவே இருந்தது. அவன் பெயரை நான்தான் எழுதினேன்.

லேபில் ஜெரூஷா என்ற பெண் இருந்தாள். பம்மலிலிருந்து வருபவள். "பிரணவ் அண்ணா எப்படி சார் இருக்காரு? ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துரும் சார், நீங்க அலைய வேணாம்" என்றாள்.

கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நித்யஸ்ரீ கேசரி கிளறினாள். பிரணவ் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டான். மறுநாள் ஜுரம். "ரிப்போர்ட்தான் க்ளீனா இருக்கே, வைரலா இருக்கும்" என்று அவர்களே பேசிக்கொண்டு ஜுர மாத்திரை போட்டார்கள். மாற்றுக் கிட்னிக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. உள்ளே அழுகினாலும் பெரிதாக வலிக்காது என்று டாக்டர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை மாத்திரை வேலை செய்யும் என்று எதிர்பார்த்தேன். நிறையத் தண்ணீர் கொடுத்தேன்.

அவன் பேச்சுக் குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, கிட்னியில் சீழ் கட்டிவிட்டது என்றார் டாக்டர் தேவானந்தம். "கிட்னிய எடுத்தாகணும் சார். டயாலிசிஸ்ல வெச்சுக்கலாம். ஆள் பொழைக்கணும்ல?"

நித்யஸ்ரீ கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தாள். "என்னப்பா பண்ணலாம்? நேக்கு ஒண்ணும் புரியலை."

"அம்மா குடுத்ததும்மா. ஒரு நாள் மருந்துல பாக்கச் சொல்லு" என்றேன்.

பெரியவர் சொல்கிறார் என்று கேட்டாள். ஒரு நாள் காத்திருந்தாள். மறுநாள் எடுத்தார்கள். அதை எங்களிடம் கொடுப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிரணவ் கண் திறக்கவேயில்லை. இரண்டு நாளில் போய்விட்டான்.

லேப் ரிப்போர்ட் தப்பு என்று நித்யஸ்ரீ புகார் கொடுத்தாள். ஜெரூஷாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க குடுத்த டப்பாவத்தான் சார் போட்டேன். நான் எதையும் மாத்தல சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

அவளை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். இன்று காலை இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண்மேல் ஒரு தவறும் இல்லை. ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் கஷ்டப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சர்வீஸிலும் அப்படித்தான் இருந்தேன்.

மாத்திரையை மாற்றியது நான். சாம்பிளை மாற்றியது நான். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதும் நான்தான். அவன் செத்துப்போவான் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். ஒவ்வொரு முறையும் டாக்டர் என்னை எதிரில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். பிரணவ் போனால் வேதாவும் போய்விடுவாள் என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவனைக் காப்பாற்றியிருப்பேன்.