ஆறரை மணி ஊசியும் பொறியாளர் ருவைதாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் சர்க்கரை நோய் மருத்துவமனை இயக்குநர் டாக்டர் முன்திர் அவர்களே, அவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளே, ருவைதாவைப் பெற்ற உம்மாவே, சமாவா நகரத்துச் சர்க்கரைக்காரர்களே! ருவைதாவுக்காக நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய ஈரம் உங்கள் உதட்டில் இன்னும் காயவில்லை. அது காய்வதற்குள் கஸ்வானின் தாய், உம் கஸ்வானாகிய நான் பேசிவிடுகிறேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதில் ஒரு சொல்லையும் நான் மறந்ததில்லை.

போன வாரம் சந்தையில் ஒருத்தி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் ஊசி நேரம் சொன்ன பொண்ணுக்குத் தன் உசுரக் காப்பாத்திக்கத் தெரியலையே!" பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கேதான் இருக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு. கேள், பெண்ணே! ருவைதாவைக் கொண்டுபோனது மறதியா? உலகம் நம் நாட்டின்மேல் போட்ட பொருளாதாரத் தடைக்காலத்தில் எட்டு வயதுப் பிள்ளை, இன்சுலின் சரியாகக் கிடைக்காமல் வாரக்கணக்கில் கிடந்தாள். அன்றைக்கே அவள் சிறுநீரகங்கள் பழுதாகத் தொடங்கின. உலகம்தான் அவளை மறந்தது! அவள் ஒரு வேளை ஊசியைக்கூட மறக்கவில்லை!

ஊசி நேரம் சொல்லும் நம் மருத்துவமனைச் செயலி என் போனுக்கு வந்த நாளைச் சொல்கிறேன். போன் என்ன கேட்டாலும் 'வேண்டாம்' என்று அமுக்கச் சொல்லி என் மகன் பழக்கியிருந்தான். அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன். ஒரு மாதம் சத்தமே இல்லை. நம் மருத்துவமனைப் பொறியாளர் ருவைதா வீடு தேடி வந்தாள்; என்னைச் சித்தி முறையில் ஹாலா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் ஹாலா என்னை வெளியே தள்ளிக் கதவச் சாத்தினே?"

"நீன்னு எனக்கு எப்படிடி தெரியும்? ஏதோ திருட்டுப் பயன்னு நெனச்சேன்."

"திருடன் எங்க ஹாலா கேட்டுட்டு வர்றான்?"

சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகவில்லை. போன் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காது. அதனால் போன் கேட்பதற்கு முன்பே, "நான் உங்க ஊசி நேரத்த மட்டுந்தான் சொல்லுவேன், வேற எதுவும் சொல்ல மாட்டேன்" என்று நம் ஊர்ப் பேச்சில் ஒரு வரி வர வைத்தாள். அதற்குப் பிறகு 'வேண்டாம்' என்று அமுக்கியவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவருமில்லை!

இப்போது டாக்டர் முன்திருக்குப் பிடிக்காத கதைக்கு வருகிறேன். முதலில் இந்தச் செயலியைச் செய்தது தலைநகரத்துக் கம்பெனி. ஒவ்வொரு நினைவூட்டலும் அங்கிருக்கும் சர்வரிலிருந்துதான் வரும். பரீட்சைக் காலத்தில் என்ன நடக்கும்? வினாத்தாள் கசியக்கூடாதென்று அரசாங்கத்தார் விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை நெட்டை நிறுத்திவிடுவார்கள். ஆறரை மணி ஊசிக்கு யார் சத்தம் கொடுப்பது?

சத்தம் வராதது பாதிக் கேடு. மீதியை அபூ ஷிஹாபிடம் கேளுங்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார். மீன் கடைக்குப் போகும் அவசரத்தில் தானாகவே ஊசி போட்டுக்கொண்டார். எட்டு மணிக்கு நெட் வந்தது. தேங்கிக் கிடந்த நினைவூட்டலும் வந்தது: 'இப்போது இன்சுலின் போடவும்.' மனுஷர் மறுபடியும் போட்டுக்கொண்டார்! சற்று நேரத்தில் மீன் கூடைமேல் விழுந்து கிடந்தார். அவர் மனைவி பேரீச்சம்பாகை வாயில் தடவி உயிரை மீட்டாள்.

"ஏன்யா ரெண்டு தரம் போட்டே?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்னு நெனச்சேன், உம் கஸ்வான்."

"மீனுக்கே உன்னைவிட நல்லாத் தெரியும்!"

ருவைதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இதோ இந்த டாக்டரின் அறைக்குப் போனாள். நானும் போனேன்.

"வருஷத்துல பத்துப் பதினஞ்சு நாள்தானேம்மா?" என்றார் இவர்.

"சர்க்கரைக்குப் பரீட்சை லீவு உண்டா டாக்டர்?" என்றாள் அவள்.

நினைவிருக்கிறதா, டாக்டர்? எனக்கு நினைவிருக்கிறது!

அவளே உட்கார்ந்து மாற்றினாள். ஊசி நேரத்தை நம் போனுக்குள்ளேயே குடிவைத்தாள். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒலிக்கும். மருத்துவர் அளவை மாற்றினால், புது மருந்து வந்தால், அந்தச் செய்தி மட்டும் சர்வரிலிருந்து வரும். நேரம் கடந்த செய்தி வழியிலேயே செத்துவிடும். மின்சாரம் போய்ப் போன் அணைந்து எழுந்தால் குடிவைத்த நேரமெல்லாம் அழிந்துவிடுகிறது என்று கண்டாள். எழுந்ததும் தானே மறுபடி நட்டுக்கொள்ளும்படி செய்தாள். ரமழானில் நோன்பு திறக்கும் நேரம் நாளுக்கு நாள் நகர்கிறதே, ஊசியும் கூடவே நகர்ந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபடி, ஊசி குத்தாத கையால் தட்டித் தட்டி எழுதினாள்! அதற்குப் பிறகு இரண்டு பரீட்சைக் காலம் போயிற்று. ஒருவராவது விழுந்தோமா? விழவில்லை!

இப்போது மேடையில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அவ போயிட்டா, அவ எழுதினதப் பாத்துக்க ஆளில்ல, எல்லாத்தையும் பழையபடி சர்வருக்கே மாத்திடுவோம்." அவள் அடக்கம் முடிந்த ஆறாம் நாள் போட்ட உத்தரவு இது! துக்க வீட்டுக் கசப்புக் காப்பிக் கோப்பையைக்கூடக் கழுவி முடிக்கவில்லையே, ஐயா! ஆளில்லையா? அவளோடு ஐந்து வருடம் உட்கார்ந்து எழுதிய பொறியாளர் நிப்ராஸ் இதோ நிற்கிறாள். உங்கள் கண்ணுக்கு அவள் ஆளாகத் தெரியவில்லையா?

வரும் சனிக்கிழமை பரீட்சை தொடங்குகிறது. அழுதது போதும். ருவைதா செய்த வேலையை யாரும் கழற்ற விடமாட்டோம். நிப்ராஸ் எழுதுவாள், நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் போனில் போட்டுப் பார்த்துத் தவறு சொல்வோம், கிழவிகள் எல்லோரும் சொல்வோம்!

வாசலருகே மேசையில் ஒரு மனு இருக்கிறது, மைப்பெட்டியும் இருக்கிறது. உத்தரவைத் திரும்பப் பெறச் சொல்லி முதல் கைநாட்டை நான் வைத்துவிட்டேன். விரல் கழுவாமல் வீட்டுக்குப் போங்கள். டாக்டர் முன்திர், உங்களுக்கும் சர்க்கரை இருக்கிறது, அதே ஆறரை மணி ஊசி. என் கைநாட்டுக்கு அடுத்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். எழுந்து வாருங்கள்.