லுசாக்காவில் ஒரு நத்தார் மரம்

லண்டன் டூட்டிங்கில் பஸ் ஏறியபோது என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். காலடியில் கிறிஸ்துமஸ் சாமான்கள் வாங்கிய பைகள். இளையவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நத்தார் மரத்துக்குள்ள பாம்பாம், அக்கா."

"எங்க?"

"ஆபிரிக்காவில, லுசாக்காத் தங்கச்சி வீட்டில. தோட்டத்துச் சவுக்கில ஒரு கொப்பை வெட்டி ஹோலுக்குள்ள வைச்சிருக்கிறாள். சின்னவள் நட்சத்திரம் கட்டப் போக, அது தலையை நீட்டினதாம். சொல்லிக்கொண்டிருக்கேக்கை லைன் அறுந்துபோச்சுது."

"மனுசன் வீட்டில இல்லையோ?"

"சுரங்கத்தில வேலை. நத்தாருக்கு முதல் நாள்தான் வருவார். மழைக்கு ரோட்டும் உடைஞ்சு கிடக்காம்."

அவள் திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று மூத்தவள் சொன்னாள். இளையவள் எழும்பவில்லை. பஸ் இன்னும் இரண்டு தரிப்பிடங்களைக் கடந்த பிறகுதான் தொலைபேசி அடித்தது.

"பிள்ளையள் எங்க? கடிக்கேல்லைத்தானே? ஆர் பிடிச்சது?"

கேட்டு முடித்ததும் மூத்தவளிடம் திரும்பினாள்.

"காவல்காரன் வந்து அடிச்சுப்போட்டானாம். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"கடவுளே! பிள்ளையளோட இஞ்ச வரச் சொன்னியே?"

"சொன்னனான். சிரிக்கிறாள், அக்கா. அதே மரத்தைத்தான் இப்ப திரும்பச் சோடிச்சுக்கொண்டு நிக்கினமாம்."

"பிறகேன் அழுகிறாய்?"

"அவளுக்கு அந்த ஊர் பழகிப்போச்சுது. இனி எங்களிட்ட வரமாட்டாள்."