படியிலேர்ந்து குடுங்க

ஒட்டாதுண்ணே, நெஜமாத்தான். அவ்ளோ தூரம் நவுந்து பஸ் சன்னல்ல இடிச்சுக்காதீங்க. மடியில இருக்குற எம் பொண்ணுக்கு வந்திருக்கறது அம்மையும் இல்ல, சிரங்கும் இல்ல. எக்சிமாவாம். நம்ம பக்கம் கரப்பான்னு சொல்லுவோம்ல, அதேதான். காலையில தஞ்சாவூருல தோல் டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு நேரா வர்றேன்.

ஏய் வானதி, கன்னத்துல கை வைக்காதடி. பாத்தீங்களா? கொஞ்சம் அசந்தா பிராண்டிக்குவா. அதான் நகத்த ஒட்ட வெட்டி வச்சிருக்கேன். மொதல்ல கன்னம் ரெண்டும் செவந்துச்சு. அப்புறம் நெத்தி, கை, காலு. அம்மைன்னு நெனச்சு வேப்பிலைய சொருகி, குளிப்பாட்டாமயே வச்சிருந்தோம். தோலு இன்னும் காஞ்சு வெடிச்சுப் போச்சு. அப்புறம் அம்மை இல்ல கரப்பான்தான், தாய் திங்கிற சோத்துலேர்ந்து வருதுன்னாங்க. கத்திரிக்கா கூடாது, கருவாடு கூடாது. என் சம்சாரம் கனிமொழி கடலோரத்துப் பொண்ணுண்ணே, மீன் இல்லாம சோறு எறங்காது. அவளுக்குப் போயி வெறும் ரசஞ்சோறு. அவதான் பாதியா எளச்சா. புள்ளைக்கு ஒண்ணும் கொறையல.

டாக்டரம்மா நல்லா திட்டிட்டாங்க. தெனம் குளிப்பாட்டுங்க, வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்ச நேரம்தான். கண்ட சோப்பும் போடாதீங்க, கடல மாவும் தேய்க்காதீங்க. துண்டால ஒத்தி எடுத்த கையோட, ஈரம் காயறதுக்குள்ள க்ரீமை நல்லா பூசுங்க. ஆயின்மென்ட் செவந்த எடத்துக்கு மட்டும், அதுவும் நான் சொல்ற நாள் வரைக்கும். நீர் வடிஞ்சு மஞ்சளா பொருக்குத் தட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க. பெத்தவளப் பட்டினி போடாதீங்கன்னாங்க.

திருக்கடையூர் தாண்டிருச்சா? அதுக்குள்ளயா?

பெரியவங்களுக்கும் வருமாம்ண்ணே. கை மடிப்புல, முட்டிக்குப் பின்னாடி, கழுத்துல. பாத்திரம் தேய்க்கிற கையின்னா வெடிச்சு ரத்தமே வரும். கனிமொழிக்கு கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே உண்டு. அந்தக் கையப் பாத்துட்டு பக்கத்து வீட்டம்மா, உன் கை பட்டுத்தான் புள்ளைக்குத் தொத்திக்கிச்சுன்னு சொல்லிட்டாங்க. அவங்க காப்பிய குடிச்சுட்டுப் போயிட்டாங்க. இவ புள்ளைய புட்டிப்பாலோட எங்கிட்ட போட்டுட்டு தரங்கம்பாடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்துட்டா. வீடியோவுல பாத்துப் பாத்து அழுவுறா. வாடின்னா வரமாட்டேங்குறா. எனக்குப் பைத்தியமே புடிச்சுரும் போலருக்கு.

தொத்தாதுன்னு சொல்லிடலாம். ஆனா வம்சத்துல வர்றதுதானாம், அங்கதான் சிக்கல். எனக்கு சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, அந்த வழியாவும் வரலாமாம். அப்ப எங்கிட்டேர்ந்தும் வந்திருக்கலாம்ல? ஒரு வார்த்த மாறிச்சுன்னா, பாத்தியா நாந்தான் குடுத்தேன்னு அதையே புடிச்சுக்குவா. அவகிட்ட சொல்ல வேண்டியதத்தான் உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். வெளங்குற மாதிரி சொன்னேனா?

சிரிக்கிறீங்க. சரி சரி, ஸ்டாப்பு வந்துருச்சு. அந்தா, பச்சை சேலை, ரெண்டு கையையும் முந்தானையில சுத்திக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவதான். மருந்து கொண்டாறேன்னுதான் சொல்லியிருக்கேன், புள்ள வர்றது தெரியாது.

அண்ணே, ஒரு ஒதவி. நான் ரெண்டு கையிலயும் பையத் தூக்கிக்கிட்டு மொதல்ல எறங்கிடுறேன். நீங்க படியில நின்னு புள்ளைய அவகிட்ட நீட்டுங்க. நான் குடுத்தா வாங்கமாட்டா. முன்னப்பின்ன தெரியாதவங்க நீட்டி, பஸ்ஸும் கெளம்புதுன்னா, அவ கைய நீட்டித்தானே ஆவணும்? இந்தாங்க, கழுத்துக்குக் கீழ கை குடுத்துப் புடிங்க.