அஜாக்கிரதை என்று எழுதவேண்டாம்

உங்கள் விசாரணை அலுவலகத்தில் டம்ளர்களைச் சரியாகக் கழுவுவதில்லை, மேடம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேனே, அதற்குக் காரணம் இதுதான். விளிம்பில் சோப்பு ஒட்டியிருக்கிறது. தண்ணீரின் மேல்தோலைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான், எனக்குத் தெரிந்துவிடும்.

ஆமாம், மேல்தோல். கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீருக்குள் இருக்கும் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். காற்றைத் தொடும் இடத்தில் மட்டும் ஓர் ஒழுங்கு வந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு லேசர் கதிர்களைச் சந்திக்க வைத்தால், மூன்றாவதாக ஒரு புது நிறம் மெல்லிசாகப் பிறக்கும். உள்ளே இருக்கும் கூட்டத்திலிருந்து வராது, தோலிலிருந்து மட்டும்தான். அதை முதன்முதலில் பார்த்த அன்று வீட்டுக்குப் போய் மனைவியைத் தூக்கிச் சுற்றினேன். சுற்றிய எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நல்ல மனுஷி. இப்போது இல்லை.

உப்புத் தண்ணீரின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் அணிவகுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் ஏற்றினார்கள், என் படத்தோடு. மீசை கொஞ்சம் கோணல், மற்றபடி நல்ல படம்.

மருமகன் என்னிடம் மாணவனாக வந்தவன். ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு 'அலம்பல்' என்று பட்டப்பெயர். அலட்டிக்கொள்கிறவன் என்பதால் அல்ல. எந்நேரமும் கிண்ணத்தை அலம்பிக்கொண்டே இருப்பான், அதனால். என் மகள் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் அவனைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். சாப்பாடு ஆறிப்போய் என் மேசைக்கு வர ஆரம்பித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கல்யாணத்தை நானே முன்னின்று நடத்தினேன். பேத்தியும் பிறந்தாள். அப்பனைப் போலவே, தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, கிண்ணத்தை அமிலத்துல ஊறவெச்சு, உலையில சுட்டு எடுத்து, உப்புத் தண்ணியத் திரும்ப அளந்து பார்த்தேன்."

"சரி."

"சிக்னல் வரல மாமா. அந்தப் புது நிறமே பொறக்கல."

"கதிர் விலகியிருக்கும்."

"விலகல. அப்புறம் ஒரே ஒரு துளி சோப்புத் தண்ணி விட்டேன். உடனே வந்துடுச்சு. புத்தகத்துல போட்டிருக்கே, அச்சு அசல் அதே சிக்னல்."

அதாவது, அணிவகுத்து நின்றது தண்ணீர் அல்ல, பாத்திரம் கழுவும் சோப்பு. என் ஆராய்ச்சியை அவன் கழுவி ஊற்றிவிட்டான், நிஜமாகவே கழுவி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரிக்கப் பார்த்தான், பாவம், வரவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னியாப்பா?"

"உங்க பொண்ணுகிட்டகூட சொல்லல. நீங்களே வெளியில சொல்லிடுங்க மாமா. அதுதான் உங்களுக்குக் கௌரவம். நான் கூட நிக்கிறேன்."

எவ்வளவு நல்ல பிள்ளை பாருங்கள். என் பெயரைக் கிழித்துப்போடும் உரிமையை முதலில் எனக்கே கொடுத்தான். எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. அந்தச் சந்தேகம் ஆரம்பத்திலேயே வந்ததுதான். சந்தேகத்தை அலம்பிப் பார்க்கும் பழக்கம்தான் எனக்குக் கிடையாது.

"நாளைக்குக் காலையில நானும் கூட இருந்து ஒரு தடவை பார்க்கறேன்" என்றேன். நியாயமான கோரிக்கை. அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். லேசர் என்றால் எல்லோருக்கும் பச்சையும் சிவப்பும்தான் ஞாபகம் வரும். எங்கள் லேசர் பெட்டியிலிருந்து முதலில் வருவது கண்ணுக்கே தெரியாத ஒளி. பச்சை கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு இமை எதற்காக மூடப்போகிறது? கண் அதை உபசரித்து உள்ளே அழைத்து, அழகாகக் குவித்து, பின்சுவரில் வைத்துக்கொள்ளும்.

காலையில், ஒளியை மறிக்கும் ஷட்டரை மூடிவிட்டு, அந்த ஒளியை நேரே கிண்ணத்தின்மேல் விழும்படி திருப்பி வைத்தேன். தண்ணீர் அதில் கொஞ்சத்தை மேலே திருப்பி அனுப்பும். கொஞ்சம் போதும்.

"ஷட்டர் மூடியாச்சா மாமா?"

"மூடியாச்சு. கண்ணாடியக் கழட்டிட்டுக் கிட்டப் போய்ப் பாருப்பா, தூசி மிதக்கற மாதிரி இருக்கு."

பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தான். அவன் எப்போதும் வலது கண்ணால்தான் உற்றுப் பார்ப்பான். நான் ஷட்டரைத் திறந்தேன்.

வலி இருக்காது, மேடம். உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்குமாம். "மாமா, லைட்டு போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே தலையைத் திருப்பினான். இடது கண்ணும் அதே இடத்துக்கு வந்துவிட்டது. நான் ஒரு கண்ணுக்குத்தான் திட்டம் வைத்திருந்தேன். ஷட்டரை மூடக் கை கொஞ்சம் தாமதித்தது. வயசாகிறது அல்லவா.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவனை நாற்காலியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அது வரும்வரை சும்மா நிற்பானேன் என்று, அவன் சுட்டு வைத்திருந்த கிண்ணங்களையெல்லாம் எடுத்து நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன்.

இப்போது ஓரப் பார்வை மட்டும் மிச்சம். நேரே பார்த்தால் கறுப்பு. தன் குழந்தையின் முகத்தைப் பார்க்க, அவளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறான். அப்போதுதான் ஓரத்தில் குழந்தை கொஞ்சம் தெரிகிறதாம். சோப்பு விஷயத்தை அவன் இன்றுவரை வெளியில் விடவில்லை. உங்களிடமும், "நான்தான் அவசரப்பட்டுக் கண்ணாடியக் கழட்டிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். நீங்களும் அதை நம்பி, 'ஆய்வுக்கூடத்தில் நிலவிய அஜாக்கிரதை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள்.

அதற்காகத்தான் நானே தேடிக்கொண்டு வந்தேன். என் கூடத்தில் அஜாக்கிரதையா? கதிரைத் திருப்பும் கண்ணாடிகளில் ஒன்று ஒரு மயிரிழை தள்ளியிருந்தால்கூட அந்த ஒளி அவன் கண்ணுக்குப் போயிருக்காது. மேசையை நான் அவ்வளவு துல்லியமாக வைத்திருந்தேன். தயவுசெய்து அந்த வார்த்தையை அடித்துவிட்டு, திருப்பியது நான், திறந்தது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

மருமகன் இன்னமும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். மகள்தான் நான் போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அறிவியலில் அக்கறை கிடையாது.