வெதுவெதுப்பான தொட்டி

ஹீட்டரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, சார்? அறை ரொம்பக் கதகதப்பாக இருக்கிறது, எனக்குத் தூக்கம் வந்துவிடும். பேச்சுக்கு நடுவே கொட்டாவி விட்டால் அலட்சியம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படியெல்லாம் இல்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

என் வேலை, கான்கிரீட்டுக்குப் புதுக் கலவை உருவாக்குவது. கேட்கச் சப்பென்றுதான் இருக்கும். சொந்தக்காரர்கள் யாராவது விசாரித்து, நான் விளக்க ஆரம்பித்தால், தண்ணீர் குடிக்கப் போவது போல நழுவிவிடுவார்கள். ஆனால் சிமெண்ட் சூளைகள் எவ்வளவு கரியமில வாயுவைக் கக்குகின்றன என்று தெரிந்துவிட்டால், உங்களால் ஒரு சுவரைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாது. எனக்கு அந்த நிம்மதி போய்ப் பல வருடமாகிறது. அதனால் சிமெண்டில் பெரும்பங்கைக் குறைத்துவிட்டு, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து ஒரு கலவை செய்தேன். நல்ல கலவை. என் வாயால் நானே சொல்லக் கூடாதுதான்.

அதற்கு முதல் ரசிகர் என் தங்கை கணவர். கட்டட இன்ஜினியர். என்னைக் "களிமண் மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். "தலையில இருக்கிறதை எடுத்துத்தானே மச்சான் கலக்குறீங்க? தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் கேட்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும், சார். இதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் பகை என்று சொல்லிவிடக் கூடாது.

நகரத்துக்கு வெளியே கட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு என் கலவையைப் பயன்படுத்த மேலிடத்தில் சம்மதம் வாங்கித் தந்ததும் அவர்தான். பரிசோதனை மாதிரி ஒரே ஒரு கட்டடம். பழைய சிமெண்டில் கட்டும் அதே வேகத்தில், வாரத்துக்கு ஒரு மாடி ஏறினால், இனி வரப்போகும் குடியிருப்புகள் அத்தனைக்கும் என் கலவைதான் என்று பேச்சு. அத்தனை குடியிருப்புகள் என்றால் எத்தனை சூளை அணையும் என்று நான் படுக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

என் கான்கிரீட்டுக்கு ஒரே ஒரு சுபாவம் உண்டு. மெதுவாக இறுகும். கடைசியில் பழைய கான்கிரீட்டுக்கு நிகராக நிற்கும், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. வெயில் காலத்தில் இந்தச் சுபாவம் வெளியே தெரியவில்லை. மாடிகள் மளமளவென்று ஏறின. மாப்பிள்ளை எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பிறகு குளிர் வந்தது.

ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். தளம் போட்டால் அதன் அடியில் இரும்பு முட்டுகள் நிற்கும். தளம் தன் கனத்தைத் தானே தாங்குகிற அளவுக்கு இறுகிய பிறகுதான் அவற்றைப் பிரிக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, அதே கலவையில் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் வார்த்து, தளத்தின் மேலேயே ஈரச் சாக்குக்கு அடியில் வைப்போம். தளம் குளிரில் கிடந்தால் கட்டியும் அதே குளிரில் கிடக்க வேண்டும். அதுதான் முறை. பிறகு கட்டியை ஆய்வகத்து மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். கட்டி தாங்கினால் தளமும் தாங்கும்.

குளிரில் போட்ட முதல் தளத்தின் கட்டியை நசுக்கினேன். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கூட யாரும் இல்லை. தூளைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"அங்க கட்டிங்களை ஆளுங்க மிதிச்சிடுறாங்க மாப்பிள்ளை. இனிமே நானே எடுத்துட்டு வந்து பத்திரமா வச்சுக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு மச்சான் இவ்வளவு சிரமம்?" என்றார். பாவம், நன்றியோடு சொன்னார்.

ஆய்வகத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கட்டிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைக்கலாம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. அந்தச் சூட்டில் என் கான்கிரீட் அழகாக இறுகும். மீதிக் கட்டிகளை அதில்தான் வைத்தேன். மெஷினில் ஏற்றியபோது நன்றாகத் தாங்கின. ரிசல்ட்டைச் சொன்னேன், மாப்பிள்ளை முட்டுகளைப் பிரித்தார், தளம் நின்றது. அடுத்த மாடியும் அப்படியே நின்றது. நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொன்ன பலம் அந்தத் தளங்களுக்குப் பின்னால் வரத்தான் போகிறது. கொஞ்சம் முன்னதாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

குளிர்காலத்தின் மூன்றாவது தளம் போட்ட வாரம் குளிர் இன்னும் கடுமையாகிவிட்டது. முட்டுகளைப் பிரிக்கிற அன்று மத்தியானம் என் கலவையைப் பற்றி முடிவெடுக்கிற குழு பார்வைக்கு வருவதாக இருந்தது. காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், சுத்தியலால தட்டினா சத்தம் மொத்துனு வருது. கணீர்னு இல்ல. ரெண்டு நாள் விட்டுப் பிரிக்கட்டுமா? குழுகிட்ட நான் பேசிக்கிறேன்."

என் முன்னால் தொட்டியில் கட்டிகள் கிடந்தன. தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், இதமாக இருந்தது.

"ரிசல்ட் நல்லா இருக்கு மாப்பிள்ளை. சத்தத்தை நம்பி யாராவது கட்டடம் கட்டுவாங்களா?"

மாப்பிள்ளை சிரித்தார். "நீங்க சொன்னா சரி மச்சான்."

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, சார். முட்டுகளைப் பிரிக்கும்போது தளத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொள்வார். "நானே நிக்கிறேன்ல, உங்களுக்கு என்னப்பா பயம்?" என்பார் ஆட்களிடம். அவர் நின்றால் அவர்களும் தயங்காமல் வருவார்கள். இந்தப் பழக்கம் எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? தெரியும். போனை வைக்கும்போதும் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிற்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். பத்துப் பங்குக்காக எத்தனை சூளைகளை எரியவிடுவது?

தளம் விழுந்தபோது அடியில் அவரோடு நான்கு பேர். நான் போய்ச் சேர்ந்தபோது இடிபாட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன், நடிப்பில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்த தளத்துண்டு ஒன்று கண்ணில் பட்டது. மேல்சட்டையைக் கழற்றி நனைத்து, அதில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனேன். ஆடாமல் இருக்க சீட் பெல்ட் போட்டுவிட்டேன். நேரே தொட்டிக்குத்தான் கொண்டுபோனேன்.

இப்போது கலவையைத் தடை செய்துவிட்டார்கள். ரிசல்ட் சரியாக இருந்தும் தளம் விழுந்ததால் கலவையையே நம்ப முடியாது என்கிறார்கள். இந்த அநியாயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். கட்டிகளைச் சூட்டில் வைத்தவன் நான், பிரிக்கச் சொன்னவன் நான். குற்றம் என்னுடையது, கான்கிரீட்டுடையது இல்லை. இதை மட்டும் தெளிவாக எழுதி, குழுவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

ஏனென்றால் அந்தத் துண்டை இன்று காலை மெஷினில் வைத்தேன், சார். தாங்கியது. நாங்கள் கேட்டதற்கு மேலேயே தாங்கியது.

உடனே தங்கை வீட்டுக்குத்தான் போனேன். அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டியைப் பற்றியும் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் விட்டிருந்தா அவர் இருந்திருப்பாரா அண்ணா?"

"இருந்திருப்பாரும்மா. அதைத்தான் சொல்றேன், கலவையில கோளாறே இல்ல. கொஞ்சம் பொறுத்தா போதும்."

"அப்ப நீ ஏன் பொறுக்கல?"

குழு, குளிர், சூளைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கதவைச் சாத்திவிட்டாள். அவளை ஒன்றும் சொல்வதற்கில்லை, சார். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொறுமை கிடையாது.