மேட்டுக்கொட்டாய்க்கு வேகத்தடை வந்த விதம்

லாரி ஹாரன் கேட்டாலே எனக்குக் கை வியர்த்துவிடும். வார்டு மெம்பர் இப்படிப் பயப்படலாமா என்று வீட்டுக்காரர்கூடச் சிரிப்பார். மொரப்பூர்ப் பக்கம் எங்கள் மேட்டுக்கொட்டாய் பஸ் நிறுத்தத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஐயா. அப்போது அங்கே நிழற்குடை கிடையாது, விளக்கு கிடையாது. சாலை வளைந்து இறங்குகிற இடம். வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

என் மகள் காவியா கல்லூரிக்குப் போக அந்தச் சாலையைத் தாண்ட வேண்டும். ஒரு மழை நாளில் லாரி ஒன்று அவள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போனது. துப்பட்டா மட்டும்தான். அன்றிலிருந்து, பஸ் ஏறிவிட்டேன் என்று அவள் போன் செய்யும்வரை எனக்குச் சோறு இறங்காது. தூக்கத்தில் பிரேக் சத்தம் கேட்டு எழுந்து, அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

நான் மனு கொடுக்காத இடமில்லை. கடைசியில், சாலைப் பாதுகாப்பையும் நிறுத்த வசதிகளையும் பார்வையிட ஒரு குழு வந்தது. அதிகாரி நல்ல மனிதர். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“வேகத்தடை கேக்கற ஊரு நெறைய இருக்குதும்மா. உயிர்ச்சேதம் ஆன எடத்துக்குத்தான் மொதல்ல. இங்க யாரும் சாகலையே.”

அதில் தவறில்லை. யோசித்துப் பார்த்தேன். என்றைக்காவது ஒருவர் அங்கே போய்ச் சேரத்தான் போகிறார். அது காவியாவாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பச்சியப்பன் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தனி ஆள். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குத் தினமும் நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போவேன். என் குரல் கேட்டதும் கையை நீட்டிவிடுவார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை; அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சேலத்தில் கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். பார்வை வந்துவிட்டால் என் துணை அவருக்குத் தேவைப்படாது. அதனால் தள்ளிப்போட முடியவில்லை.

அன்று காலை காவியா எதிர்ப்பக்கம் போய்ப் பத்திரமாக நின்றுவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் மாமாவைச் சாலையோரம் கூட்டிவந்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“என்னமோ வர்ற சத்தம் கேக்குதே, சுகுணா?”

“அது ரயிலுங்க மாமா. ரோடு காலியா இருக்குதுங்க. நீங்க போங்க, செருப்ப மாட்டிக்கிட்டு வர்றேன்.”

“நீ சொன்னாச் சரி” என்று இறங்கினார். நான் கையை விட்டேன். அவர் தயங்காமல் நடந்தார். பாதிச் சாலையில்தான் புரிந்திருக்க வேண்டும். நின்றார். லாரி வந்த பக்கம் திரும்பாமல் என் பக்கம் திரும்பி, கையை நீட்டி, “சுகுணா” என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் போகவில்லை.

டிரைவர்மேல் தப்பில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

குழு மறுபடி வந்தது. வேகத்தடை போட்டார்கள், விளக்கு வைத்தார்கள், நிழற்குடை கட்டினார்கள். “நீங்க அப்பவே சொன்னீங்கம்மா” என்று அந்த அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். ஊரே எனக்கு நன்றி சொன்னது.

காவியாதான், மாமா இறந்த அன்று மாலையிலிருந்தே வீட்டுக்கு வரவில்லை. மாரண்டஹள்ளியில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் போனால் உள்ளே தாழிட்டுக்கொள்கிறாள். “கிட்ட வராதம்மா, எங்கையப் புடிக்காத” என்று கதவுக்குப் பின்னாலிருந்து அழுகிறாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும்.

சின்னப் பிள்ளை, ஐயா. அந்தச் சாலை அவளை அவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது. பயம் தெளிந்ததும் என்னிடம் வந்துவிடுவாள்.