பேசாத எட்டு வாரங்களும் பிள்ளைகளைப் பேசவைத்த பாடத்தாள்களும்

பணி நிறைவு பெறும் எங்கள் ஆங்கில இலக்கிய ஆசிரியை அவர்களுக்கு, பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் அகமும் முகமும் மலர அளிக்கும் பாராட்டு மடல்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றும் களைப்பென்னும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் பெருந்தகையே! அயல்மொழிக் கவிதையைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய பிள்ளைகளின் அருகில் அக்கவிதையை அழைத்து வந்து அமரவைத்த அன்பின் வடிவே! எடுத்தவர் எவரும் நடத்தலாம் என்னும்படி இருநூற்றுப் பதினாறு இலக்கியப் பாடங்களை எழுதி, அடுக்கி, எங்கள் அனைவரின் கையிலும் கொடுத்துவிட்டு ஏதும் செய்யாதவர் போல் சிரிக்கும் எங்கள் இனிய தோழியே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

இம்மடலைச் சுருக்கமாக எழுதுமாறு கண்ணாடிச் சட்டம் போடுபவர் கேட்டுக்கொண்டார். எங்களால் முடியவில்லை. பெரிய சட்டமாகவே வாங்கிவிட்டோம்.

தங்கள் கதையைத் தங்களிடமே சொல்வது சற்று வேடிக்கைதான். ஆயினும் இந்த அரங்கில் புதிதாகப் பணியில் சேர்ந்தோர் பன்னிருவர் அமர்ந்திருக்கின்றனர். அலமாரியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துச் சென்று வகுப்பை வென்றுவிட்டுத் திரும்புகிறார்களேயன்றி, அவை எப்படிப் பிறந்தன என்று அவர்கள் அறியார். அவர்கள் பொருட்டுச் சிறிது நேரம் தங்களை 'அவர்' என்று சொல்ல அனுமதி வேண்டுகிறோம். தாங்கள் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது என்பதே எங்கள் ஒரே நிபந்தனை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, ஆண்டுத் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரு நாடக வரியின் நடுவே அவருக்குக் குரல் போயிற்று. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. பிள்ளைகள் அதுவும் நாடகத்தின் ஒரு பகுதி என்று எண்ணி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். குரல் நாணில் முடிச்சு.

"எட்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாதும்மா. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். என்ன வேலை பார்க்கறீங்க?"

உடன் வந்திருந்த கணவர், பேருந்து நடத்துநர், முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "டீச்சருங்க. வீட்லயும்தான்."

பள்ளியில் ஆங்கிலத்துக்கு இருந்தவர்கள் இருவர். மற்றவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார். ஆண்டின் நடுவில் மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, இந்தப் பள்ளிக்கு ஆங்கில இலக்கியம் தனிப்பாடமாகத் தேவைதானா என்று கல்வி அலுவலகம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. முந்தைய ஆண்டு நூற்றுப் பதினெட்டுப் பேரில் முப்பத்துநான்கு பேர் அந்தப் பாடத்தில் தவறியிருந்தார்கள். அந்த எட்டு வாரங்களுள் ஐந்தாவதில் ஆய்வாளர் நேரில் வந்து, வகுப்பில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பதாகக் கடிதம் வந்திருந்தது.

தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் கூட்டம் போட்டார். "பேசாம இலக்கியப் பீரியடை எல்லாம் இலக்கணத்துக்குத் திருப்பிடலாம். கைடுல விடை இருக்கு, பார்த்து எழுதட்டும். வேற வழி எனக்குத் தெரியல."

நம் ஆசிரியை ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்: 'பாடம் முழுத் தயார்நிலையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். நான் தயாரித்துத் தருகிறேன். யார் வருகிறீர்கள்?'

அந்த நிமிடத்தில் எங்களுக்கு வந்த சுறுசுறுப்பை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கணக்கு ஆசிரியர் நோட்டுத் திருத்தத் தொடங்கினார். வேதியியல் ஆசிரியைக்கு ஆய்வகத்தில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்தான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கிரவுண்டு முழுக்க மழைத்தண்ணி. நான் சும்மாத்தான் இருக்கேன் மேடம். ஆனா ஒண்ணு, இங்கிலீஷ்ல எனக்கு விசில் மட்டும்தான் நல்லா அடிக்கத் தெரியும்."

மறுநாளே பதினான்கு பக்கத்தில் பாடம் தயார். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள், எந்த இடத்தில் பிள்ளைகள் கண்கலங்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தன. உடற்பயிற்சி ஆசிரியர் கால்சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகும் பிள்ளை போல் வகுப்புக்குள் போனார். நம் ஆசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தார்.

உடற்பயிற்சி ஆசிரியர் முதல் பக்கத்தை உரக்க வாசித்தார். இரண்டாம் பக்கத்தில், "இரண்டு நொடி நிறுத்தவும்" என்பதையும் சேர்த்து வாசித்தார். "மாணவர்களை நோக்கிப் புன்னகைக்கவும்" என்று முழங்கிவிட்டு நிமிர்ந்தபோது, அறுபது முகங்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. பிறகு பொத்தவும் இல்லை. ஐந்தாம் பக்கம் கீழே விழுந்து ஒன்பதாம் பக்கத்துடன் கலந்தது. மணி அடிப்பதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது.

வராந்தாவில் நம் ஆசிரியை சீட்டு எழுதத் துழாவினார். அதற்குள் உடற்பயிற்சி ஆசிரியரே பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க எழுதிக் கொடுத்தது பாடம் இல்ல, நீங்கதான். நான் எப்படி நீங்களாக முடியும்?"

அந்தக் கேள்வி நம் ஆசிரியையைச் சுட்டது. இருபத்தோரு ஆண்டுகள் தாம் நடத்தியது கவிதையையா, தம்மையா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தமக்குச் சந்தேகம் வந்ததாகப் பின்னாளில் எங்களிடம் சொன்னார். தம் குரலில் மயங்கித் தலையாட்டிய பிள்ளைகள் தேர்வில் ஏன் வெறும் தாளைக் கொடுத்தார்கள் என்பதும் அன்றுதான் விளங்கிற்றாம். எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சொல்ல என்ன மிச்சம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை வகுப்பறை ஆயிற்று. பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்திருந்த கணவர் ஆசிரியர். அதே பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள் மாணவி. இவரால் நடத்த முடிந்தால் யாராலும் முடியும் என்பது கணக்கு.

கணவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "'பதில் வராவிட்டால் இருபது எண்ணவும்'னு போட்டிருக்கியே, வாய்விட்டா, மனசுக்குள்ளயா?"

நம் ஆசிரியை தாளைப் பிடுங்கி 'மனதுக்குள்' என்று சேர்த்தார்.

"இந்த நாலாவது கேள்விக்கு நீயே கீழ விடை எழுதிட்டே. அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்? டிக்கெட்டைக் கொடுத்துட்டு எங்க போகணும்னு கேக்கற மாதிரி இருக்கு."

மகள் மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். "அப்பா சொல்றது சரிம்மா. விடை தெரிஞ்சுட்டா நாங்க யோசிக்கவே மாட்டோம்."

அவர் விடைகளை அடித்தார். பிறகு கேள்விகளிலும் பாதியை அடித்தார். மாலைக்குள் ஆறு முறை திருத்தி எழுதியபோது, பதினான்கு பக்கம் ஒரே பக்கமாக மிஞ்சியது. வாசிக்க வேண்டிய காட்சி, மூன்று கேள்விகள், எங்கே காத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு, அடியில் பெரிய எழுத்தில் இரண்டு வரி: 'விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லவும். தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டாம்.'

செவ்வாய்க்கிழமை. பாடத்தில் இருந்த நாடகத்தில், போரில் தோற்றுத் தனியாகத் திரும்பும் தளபதி ஒருவன், தாய் காத்திருக்கும் தன் வீட்டுக் கதவின் முன் தட்டாமல் நின்றுகொண்டிருக்கும் காட்சி. இம்முறை நம் ஆசிரியை உள்ளே போகவில்லை. பிள்ளைகள் தம் முகத்தையே பார்ப்பார்கள் என்று வெளியே ஜன்னலோரம் நின்றார்.

இரண்டு மாணவர்கள் காட்சியை வாசித்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டாம் கேள்வியைக் கேட்டார்: "அவன் ஏன் கதவைத் தட்டல?"

ஒருவரும் பேசவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. விளையாட்டுத் திடலில் ஒரு நிமிடம் சும்மா நிற்காத மனிதர்!

கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். இரண்டு ஆண்டுகளாக ஆங்கில வகுப்பில் வருகைப்பதிவுக்குத் தவிர வாயைத் திறக்காதவள். பாதி ஆங்கிலத்தில் தொடங்கி, தடுமாறி, தமிழில் வந்து சேர்ந்தாள்.

"தோத்துட்டோமேன்னு இல்ல சார். தோத்துட்டு வந்தாலும் அவங்கம்மா சந்தோஷப்படுவாங்க. அதைத்தான் அவனால தாங்க முடியாது."

வகுப்பு அப்படியே திரும்பி அவளைப் பார்த்தது. முன்வரிசைப் பையன், "அதெல்லாம் இல்ல, அவனுக்குப் பயம்" என்றான். "பயம் வேற, கூச்சம் வேறடா" என்றான் இன்னொருவன். "புத்தகத்துல எந்த வரியில இருக்கு, காட்டு!" என்றாள் ஒருத்தி. அறுபது பேரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். சொல்லாமலே புரட்டினார்கள்! மணி அடித்தது, யாருக்கும் கேட்கவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் வராந்தாவில் ஓடியே வந்தார். "மேடம்! பதினேழு எண்ணும்போது பேசிட்டா மேடம்! பதினேழு!"

சீட்டும் பேனாவும் நம் ஆசிரியையின் கையில்தான் இருந்தன. எழுதவில்லை. இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு இரு கைகளாலும் தட்டினார். கண்ணீர் வழிய வழியத் தட்டினார். பக்கத்து வகுப்புகளிலிருந்து நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

அதன்பின் எங்களுக்கே ஆசை வந்துவிட்டது. கணக்கு ஆசிரியர் ஒரு கவிதையை வாங்கிக்கொண்டு போனார். வேதியியல் ஆசிரியை ஒரு சிறுகதையைக் கேட்டார். நூலகர் மூன்று வகுப்பு எடுத்தார். தினம் ஒரு தாள், தினம் ஒரு திருத்தம். நாங்கள் எங்கே திணறினோமோ அந்த இடத்தை அன்றே மாற்றி எழுதினார்.

ஐந்தாம் வாரம் ஆய்வாளர் வந்தார். தலைமையாசிரியரே அவரை வகுப்புக்கு அழைத்துப் போனார். ஒன்பதாம் வகுப்பில் உடற்பயிற்சி ஆசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. சரியான விடை எது? நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். "நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆய்வாளர் எழுந்துபோய் மேசைமேல் இருந்த தாளை எடுத்துப் படித்தார். அடியில் இருந்த இரண்டு வரியை மறுபடி படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

அனைவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே நின்றிருந்தவர், தாம் பேசக்கூடாது என்று எழுதிய சீட்டைக் காட்டினார்.

"பேசாமலேயா இவ்வளவும்?" ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த பீரியட் எந்த வகுப்பு? எனக்கும் ஒரு தாள் கொடுங்கம்மா. எடுத்துப் பார்க்கறேன்."

எடுத்தார்! கேள்வி கேட்டார். வகுப்பு மௌனமாக இருந்தது. பொறுக்க முடியாமல் அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது, நடுவரிசையில் ஒரு பையன் பணிவாக எழுந்து சொன்னான்: "சார், இன்னும் எட்டு எண்ணணும்."

ஆய்வாளர் சிரித்த சிரிப்பு அலுவலக அறைவரை கேட்டது. பாடம் தொடர வேண்டும் என்ற குறிப்பு பத்து நாளில் வந்தது. அதனுடன், பக்கத்துப் பள்ளிகளுக்கும் இத்தாள்களின் படி தேவை என்ற வேண்டுகோளும் வந்தது. அவ்வாண்டுத் தேர்வில் தவறியவர் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்காக அவர் கோடை விடுமுறை முழுதும் வந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

எட்டு வாரம் முடிந்த அன்று மருத்துவர், "இப்ப ஏதாவது பேசுங்கம்மா" என்றாராம். அத்தனை நாள் தேக்கி வைத்தவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று கணவர் முன்னால் குனிந்தாராம். "அஞ்சு மணி பஸ் போயிருக்குமா?" என்றாராம் நம் ஆசிரியை.

அம்மையீர்! இனித் தங்களைத் 'தாங்கள்' என்றே விளிக்கிறோம். மெய்யை மறைத்துப் புகழ்வதைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள். தாளைத் தவறான மூலையில் பின் அடித்தவரைத் தாங்கள் பார்க்கும் பார்வைக்கு நாங்கள் அனைவரும் அஞ்சியிருக்கிறோம். ஊற்றி வைத்த தேநீரை ஒருநாளும் சூடாகக் குடித்ததில்லை தாங்கள். கூட்டங்களில் தலைமையாசிரியரின் சுற்றறிக்கையிலேயே பிழை திருத்தி அவரிடம் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. ஆனால் குரல் திரும்பிய பிறகும் குறைவாகவே பேசினீர்கள். பிள்ளைகளை நிறையப் பேசவைத்தீர்கள். தாங்கள் எழுதிய பாடத்தில் தங்கள் பெயரைக்கூடப் போடாமல், கையில் எடுப்பவர்க்கே அது உரியது என்றீர்கள். பாடம் தயாராக இருக்கலாம், முடிந்துபோனதாக இருக்கலாகாது என்று எங்களுக்கு உணர்த்தினீர்கள். இதைவிடப் பெரிய ஆசிரியப் பணியை நாங்கள் கண்டதில்லை!

நலமும் வளமும் நீங்காமல், நல்லோர் சூழ, நடத்துநர் ஐயாவுடனும் மகளுடனும் நூறாண்டு கடந்து நிறைவாழ்வு வாழ வாழ்த்துகிறோம். அடுத்த மாதம் நகர நாடகக் குழுவில் தாங்கள் முதன்முறையாக மேடையேறப் போகும் செய்தியைத் தாங்கள் மறைத்தும் அறிந்துகொண்டோம். அறுபதாவது வயதில் அரங்கேற்றம்! நாற்பத்தொரு இருக்கைகள், முதல் இரண்டு வரிசைகள், எங்கள் பெயரில் பதிவாகிவிட்டன. அம்மையீர், துணிந்து வாருங்கள் மேடைக்கு. கைதட்டிக் கைதட்டி அந்தக் கூரையை நாங்கள் அதிரவைக்கிறோம்!

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றியதைப் பேறாகக் கருதும்
ஆசிரியர்கள், நூலகர், ஆய்வக உதவியாளர், அலுவலகத்தார், வாயிற்காவலர்